வீட்டிலேயே கார்ன்வால் பாஸ்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் இருக்கிறது. அங்கே ரெட்ரூத் ஊருக்குப் பக்கத்தில் சில வருடங்கள் குடியிருந்தோம். பாஸ்டி செய்யக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. கடைக்காரர் முதல் பஸ் டிரைவர் வரை எல்லாரையும் "மை லவர்" என்று கூப்பிடும் ஊர் அது. பாட்டியும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், முதல் வாரம் கொஞ்சம் திகைத்துப் போனேன். ஊர் திரும்பிய பிறகு சொந்தக்காரர்களும் தோழிகளும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பாஸ்டி என்றால் என்ன? நம்ம ஊர் பேக்கரி பஃப்ஸ் மாதிரியா?

இல்லை. பஃப்ஸ் அடுக்கடுக்காக உதிரும், உள்ளே மசாலா கொஞ்சம்தான் இருக்கும். பாஸ்டியின் மேலோடு கெட்டி, கையில் பிடித்தால் வளையாது. உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ஸ்வீட் என்ற கிழங்கு, வெங்காயம், உப்பு, மிளகு, அவ்வளவுதான். பார்க்க சோமாஸை நாலு மடங்கு பெரிதாக்கியது போல அரைவட்டமாக இருக்கும். ஒன்று சாப்பிட்டால் மதியச் சாப்பாடு முடிந்தது. பெயரை பேஸ்ட்ரியோடு குழப்ப வேண்டாம், 'பாஸ்டி' என்று சொன்னால் அங்கே எல்லாருக்கும் புரியும்.

உள்ளே வைப்பதை முதலில் வதக்கிக்கொள்ளலாமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் கேட்டேன். கேட்டேன் என்பதைவிட, கேட்காமலே செய்துவிட்டேன் என்பதுதான் சரி. முதல் தடவை வெங்காயத்தை வதக்கி, கறியைச் சுருளக் கிளறி, உருளைக்கிழங்கை முக்கால் பதம் வேகவைத்து ஆறவிட்டு, மாவுக்குள் வைத்து ஓவனில் தள்ளினேன். வெளியே வந்தது உலர்ந்த சமோசா மசாலாவைச் சுமந்த ஒரு மாவு மூட்டை. உருளை மசிந்து, கறி நார் நாராகப் போயிருந்தது. பாட்டி ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே வெந்ததையா வைத்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

பாஸ்டியில் எல்லாமே பச்சையாகத்தான் உள்ளே போக வேண்டும். இறைச்சியும் காய்களும் வேகும்போது விடும் சாறுதான் அதன் குழம்பு. மேலோடு மூடிய சட்டி மாதிரி வேலை செய்கிறது. ஆவி பெரும்பாலும் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றி, உருளைக்கிழங்கில் கறியின் சாறு ஏறுகிறது, வெங்காயம் கரைந்து இனிப்பைக் கொடுக்கிறது. முன்கூட்டியே வதக்கினால் அந்தச் சாறு வாணலியிலேயே போய்விடும். நம்ம கை எதைக் கண்டாலும் எண்ணெயில் போடத் துடிக்கும், அதை ஒரு மணி நேரம் கட்டிப்போட வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்: காயை ஏன் மெல்லிசாகச் சீவுகிறோம், ஓரத்தை ஏன் இறுக்கி மடிக்கிறோம், ஓவனில் ஏன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் விடுகிறோம் என்பதெல்லாம்.

அளவு சொல்லுங்கள்.

ஆறு பெரிய பாஸ்டிக்கு:

மேல்மாவுக்கு மைதா 500 கிராம், பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் சேர்ந்து 145 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், ஜில்லென்ற தண்ணீர் சுமார் 175 மில்லி.

உள்ளே வைக்க மாட்டிறைச்சி 400 கிராம், உருளைக்கிழங்கு 400, ஸ்வீட் 200, வெங்காயம் 150. உப்பு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன். மிளகைத் தாராளமாகப் போடுங்கள், அதில் இருக்கும் ஒரே காரம் அதுதான். மேலே தடவ ஒரு முட்டை.

காய்களைச் சதுரமாக நறுக்குகிறவர்களும் உண்டு. பாட்டி அப்படிச் செய்ய மாட்டார். கிழங்கை இடது கையில் பிடித்துத் திருப்பித் திருப்பி, பென்சில் சீவுவது போலக் கத்தியால் சிறு சிறு சில்லுகளாகச் சீவிவிடுவார். ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும் சில்லில் மெலிந்த ஓரம் கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும், கனத்த பக்கம் துண்டாகவே நிற்கும். துருவிப் போட்டால் மொத்தமும் களியாகிவிடும். உருளைக்கிழங்கும் மாவாக உதிர்கிற ரகமாக இல்லாமல் வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கிற ரகமாக இருக்கட்டும்.

ஸ்வீட் என்பது இனிப்பா?

இந்தக் குழப்பம் எனக்கும் வந்தது. சுவீடன் நாட்டின் பெயரால் வந்த கிழங்கு அது. வெளியே ஊதாவும் பழுப்பும் கலந்த தோல், உள்ளே மஞ்சள். வெந்தால் லேசான இனிப்பும் முட்டைகோஸ் வாசமும் வரும். அமெரிக்காவில் ரூட்டபேகா என்பார்கள். கார்ன்வால்காரர்கள் இதையே 'டர்னிப்' என்று சொல்வது இன்னொரு வம்பு. பழைய சமையல் குறிப்பில் டர்னிப் என்று இருந்தால் அது பெரும்பாலும் இந்த மஞ்சள் கிழங்குதான்.

நம்ம ஊரில் கிடைக்காவிட்டால் வெள்ளை டர்னிப் போடலாம், நூல்கோலும் பரவாயில்லை. இரண்டிலும் தண்ணீர் அதிகம், அதனால் 200 கிராமுக்குப் பதில் 150 போதும். சர்க்கரைவள்ளி வேண்டாம், இனிப்பு தூக்கிவிடும்.

காரட்?

கூடாது. அங்கே காரட் போட்ட பாஸ்டியைக் காட்டினால் சண்டைக்கு வருவார்கள். உங்கள் வீட்டில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றால் அது உங்கள் இஷ்டம். ஆனால் அதற்குக் கார்ன்வால் பாஸ்டி என்று பெயர் வைக்காதீர்கள்.

எந்தக் கறி வாங்குவது? மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

அங்கே 'ஸ்கர்ட்' என்று கேட்டு வாங்குவார்கள். மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தசை அது. கொழுப்பும் சவ்வும் குறைவு, சாறு அதிகம், சின்னதாக நறுக்கினால் உருளைக்கிழங்கு வேகும் நேரத்துக்குள் தானும் வெந்துவிடும். குழம்புக்கு வாங்கும் தொடைக்கறி இதற்கு ஆகாது, ஒரு மணி நேரத்தில் மெதுவாகாது. ஸ்கர்ட் கிடைக்காவிட்டால் கறிக்கடையில் கொத்துக்கறியாகப் போட்டு வாங்கிவிடுங்கள். அதிகாரப்பூர்வ விதியே நறுக்கியதோ கொத்தியதோ இரண்டும் சரி என்கிறது.

ஆட்டுக்கறியிலும் நன்றாக வரும். ஆனால் வெள்ளாட்டுக்கறி வேக நேரம் பிடிக்கும், அதனால் கொத்துக்கறிதான் நல்லது. கோழியில் செய்தால் சாறு குறைவு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துண்டு வெண்ணெய் வையுங்கள்.

கறியே வேண்டாம் என்பவர்களும் வருத்தப்பட வேண்டாம். கறி வாங்க வழியில்லாத வீடுகளில் வெறும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்துச் செய்தது உண்டு. அதை 'டிடி ஆகி' என்பார்கள்: 'ஆகி' என்பது பாஸ்டிக்கு அங்கே செல்லப் பெயர், 'டிடி' என்றால் உருளைக்கிழங்கு. சீஸும் வெங்காயமும் வைத்ததை இன்று எல்லாக் கடையிலும் விற்கிறார்கள். கார்ன்வால் பெண்கள் கையில் கிடைத்ததையெல்லாம் பாஸ்டிக்குள் வைத்துவிடுவார்கள் என்று ஒரு கதையே உண்டு. பக்கத்து டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் எல்லையான டேமர் ஆற்றைத் தாண்டி கார்ன்வாலுக்குள் வரப் பார்த்த பிசாசு, தன்னையும் உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பயந்து டெவனுக்கே திரும்பிவிட்டதாம்.

மாவு பிசைவதில் என்ன கவனிக்க வேண்டும்? பன்றிக் கொழுப்பு கட்டாயமா?

கட்டாயமில்லை. முழுக்க வெண்ணெயிலும் செய்யலாம், வனஸ்பதியிலும் செய்யலாம். வெண்ணெயில் மணம் அதிகம், கொழுப்பில் மேலோடு உறுதி அதிகம். நெய் வேண்டாம். அது மாவுக்குள் ஊறிப்போகிறது, மேலோடு பிஸ்கட் போல நொறுங்கி மடிப்பில் உடைகிறது.

சாதாரணமாகப் பை, டார்ட் போன்றவற்றுக்கு மாவை அதிகம் பிசையாதே என்பார்கள். பாஸ்டிக்குத் தலைகீழ். இந்த மாவு ஒரு பிடி கறியையும் கிழங்கையும் கிழியாமல் தாங்க வேண்டும், அதனால் இழுவை வேண்டும். அங்கே புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவில்தான் செய்கிறார்கள். நம்ம மைதாவில் அந்த அளவுக்குப் புரதம் இல்லை. அதை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாகப் பிசையுங்கள்.

குளிர்ந்த கொழுப்பை மாவில் விரல் நுனியால் ரவை போல உதிர்த்து, தண்ணீர் விட்டுச் சேர்த்து, ஏழெட்டு நிமிடம் பிசைந்து உருட்டி மூடி, ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் வைத்துவிடுங்கள். பரோட்டா மாவை ஊறவிடாமல் வீசினால் என்ன ஆகுமோ அதேதான் இங்கும் ஆகும். தேய்க்கத் தேய்க்கச் சுருங்கி உங்களைக் கேலி செய்யும். ராத்திரியே பிசைந்து வைத்தாலும் நல்லது.

எப்படி நிரப்பி மடிப்பது?

மாவை ஆறாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 20 முதல் 22 சென்டிமீட்டர் வட்டமாகத் தேயுங்கள். கனம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, சப்பாத்தி போல மெல்லிசாகத் தேய்த்தால் அடியில் கிழியும். ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து ஓரத்தைச் சீராக வெட்டி, மிச்ச மாவைப் பத்திரமாக வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

நடுவில் உருளைக்கிழங்கு, அதன் மேல் ஸ்வீட், வெங்காயம், கறி. உப்பும் மிளகும் அடுக்கடுக்காக. எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் உப்போடு கலந்து வைத்துக்கொண்டு நிதானமாக நிரப்பாதீர்கள், நாலாவது பாஸ்டிக்கு வரும்போது பாத்திரத்தில் தண்ணீர் விட்டிருக்கும், மாவின் அடி நனைந்துவிடும். கறியின் மேல் அரை டீஸ்பூன் மைதா தூவினால் சாறு கொஞ்சம் கெட்டிப்படும்.

ஓரத்தில் தண்ணீர் தொட்டு, பாதியாக மடித்து, இரண்டு ஓரங்களையும் அழுத்தி ஒட்டுங்கள். பிறகு ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் உள்ளே மடித்து அழுத்தி, அடுத்த துளியை அதன் மேல் மடித்து, கயிறு திரிப்பது போலப் போய்க்கொண்டே இருங்கள். சோமாஸை அச்சில் போடாமல் கையால் மடித்த பழக்கம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். எனக்கு அம்மா கற்றுக்கொடுத்த அந்த மடிப்பைப் பார்த்துத்தான் பாட்டி முதல் தடவை "ப்ராப்பர் ஜாப்" என்றார். கார்ன்வாலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கடைசி முனையை அடியில் செருகிவிடுங்கள்.

முள்கரண்டியால் அழுத்தி ஒட்டுவது வேண்டாம். அந்த ஓரம் உள்ளே ஆவி ஏறும்போது பிளக்கும், சாறு தட்டில் வழிந்து கருகும்.

ஓவனில் எவ்வளவு நேரம்?

முட்டையை அடித்துத் தடவி, மேலே கத்தி நுனியால் ஒரு சின்ன ஓட்டை போட்டு, 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம். பிறகு 170-க்குக் குறைத்து இன்னும் 35 நிமிடம். முதல் சூடு மேலோட்டைப் பிடிக்க வைக்கிறது, அப்புறம் உள்ளே நிதானமாக வேக வேண்டும். மின்விசிறி உள்ள ஓவனானால் இரண்டு கட்டத்திலும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் மேலே சீக்கிரம் கருக்கும். நிறம் வந்ததும் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள், ஆனால் நேரத்தைக் குறைக்காதீர்கள். மேலே பொன்னிறமாக இருப்பதை நம்பி 35-ஆவது நிமிடத்தில் எடுத்தால் உள்ளே ஸ்வீட் கடக்முடக்கென்று இருக்கும்.

எடுத்ததும் கடிக்காதீர்கள். பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளே இருக்கும் ஆவி நாக்கைப் பதம் பார்த்துவிடும்.

மதியச் சாப்பாடாகப் பாஸ்டி கொண்டுபோன கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் ஓரத்தைப் பிடித்துத் தின்றுவிட்டு, விஷம் என்று அதைத் தூக்கி எறிந்தார்களாமே?

இந்தக் கதையைச் சொல்லாத சுற்றுலா வழிகாட்டி கிடையாது. கார்ன்வாலின் தகரத் தாதுவோடு ஆர்செனிக் என்ற விஷம் கலந்து வரும் என்பது உண்மை. சுரங்கத்துக்குள் கை கழுவ வழியில்லை என்பதும் உண்மை. அதனால் தடித்த ஓரம் ஒரு கைப்பிடி, தின்று முடித்ததும் அது சுரங்கப் பூதங்களுக்கு என்பார்கள். அந்தப் பூதங்களுக்கு 'நாக்கர்' என்று பெயர்.

ஆனால் பழைய புகைப்படங்களில் தொழிலாளர்கள் பாஸ்டியைத் துணிப்பையில் வைத்தோ காகிதத்தில் சுற்றியோ ஒரு முனையிலிருந்து கடித்துக்கொண்டு போகிறார்கள். அப்படிச் சுற்றிப் பிடித்தால் அழுக்குக் கை படவே படாது, எறியவும் தேவையில்லை. எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. அரைவயிற்றுக் கூலிக்குப் பாறை உடைத்தவன் வெண்ணெயும் கொழுப்பும் போட்டுச் சுட்ட ஓரத்தை எறிந்திருப்பானா? பாட்டியிடம் கேட்டேன். அவருடைய அப்பா சுரங்கத்தில் இருந்தவர். "எங்கள் வீட்டில் யாரும் எதையும் எறிந்ததில்லை" என்றார்.

முனையில் பெயரின் முதல் எழுத்தைப் பொறிக்கும் வழக்கம் மட்டும் நிஜம். இன்னொரு முனையிலிருந்து தின்ன ஆரம்பித்தால் மிச்சம் யாருடையது என்று கடைசிவரை தெரியும். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் செய்து பாருங்கள், பிரயோஜனம் புரியும்.

கார்ன்வாலுக்கு வெளியே செய்தால் அந்தப் பெயரில் விற்க முடியாதா?

வீட்டில் செய்து சாப்பிட யாரும் தடுக்க மாட்டார்கள். விற்பதற்குத்தான் விதி. நம்ம புவிசார் குறியீடு போல 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கும் பாதுகாப்பு கொடுத்தது. கார்ன்வாலில் தயாரித்திருக்க வேண்டும், அரைவட்ட வடிவம் வேண்டும், மடிப்பு பக்கவாட்டில் வர வேண்டும், உள்ளே வைப்பது பச்சையாகப் போக வேண்டும், இறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், காய்கள் குறைந்தது 25 சதவீதம். மேலே கொடுத்த அளவில் இறைச்சி சுமார் 20 சதவீதம் வருகிறது, அதனால் நீங்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை. தயாரித்ததை வேறு ஊருக்குக் கொண்டுபோய்ச் சுடுவதற்குத் தடையில்லை.

பக்கத்து டெவன் மாவட்டத்துக்காரர்கள் பாஸ்டி எங்களுடையது என்பார்கள், மடிப்பை மேலே போடுவார்கள். இரண்டும் ருசிதான், இதை டேமர் ஆற்றின் எந்தக் கரையிலும் சத்தமாகச் சொல்லாதீர்கள். 2012-இல் பிரிட்டிஷ் அரசு சூடான பாஸ்டிக்கு 20 சதவீத வரி போடப் பார்த்து, எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது, அது தனிக் கதை.

இங்கிலாந்தைத் தாண்டி எங்கெல்லாம் கிடைக்கும்? தமிழர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கார்ன்வால் சுரங்கத்தவர்கள் போன இடமெல்லாம் பாஸ்டியும் போனது. உலகத்தில் எங்கே ஒரு குழி தோண்டியிருந்தாலும் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று சொல்வார்கள். மெக்சிகோவின் ஹிடால்கோ மாநிலத்தில் பச்சூக்காவிலும் ரியால் டெல் மோண்டேயிலும் 1820-களில் வெள்ளிச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் விட்டுப்போனது இன்று 'பாஸ்தே' ஆகிவிட்டது. பச்சை மிளகாய் போட்டது, மோலே என்ற மெக்சிகோ குழம்பு வைத்தது, அன்னாசிப்பழம் வைத்தது வரை உண்டு. மிளகாய் இல்லாமல் மனசு கேட்காதவர்களுக்கு மெக்சிகோக்காரர்களே அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செம்புச் சுரங்கங்களில் கார்ன்வால்காரர்களிடம் பார்த்து ஃபின்லாந்துக்காரர்களும் செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே காரட் போடுகிறார்கள், என்ன சொல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவின் மூண்டாவிலும் கிடைக்கும்.

நமக்குச் சம்பந்தம் கோலார் தங்கவயலில். அந்தச் சுரங்கங்களை 1880 முதல் நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் முதல் ஜான் டெய்லர்தான் ரியால் டெல் மோண்டே வேலையையும் லண்டனிலிருந்து நடத்தியவர். கோலாருக்குக் கார்ன்வாலிலிருந்து சுரங்க அனுபவம் உள்ளவர்கள் வந்தார்கள், கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். கார்ன்வாலின் கடைசித் தகரச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998-இல் மூடியது, கோலார் 2001-இல். ரெட்ரூத் பக்கம் இடிந்து நிற்கும் எஞ்சின் கட்டடங்களைப் பார்த்தபோதெல்லாம் தங்கவயலில் வேலை பார்த்த என் தாத்தாவின் ஞாபகம் வரும்.

தொட்டுக்கொள்ள என்ன?

ஒன்றுமில்லை. தட்டும் கரண்டியும்கூட வேண்டாம், காகிதத்தில் சுற்றிக் கையில் பிடித்துக் கடிக்க வேண்டியதுதான். கெட்சப் ஊற்றுகிறவர்களைக் கார்ன்வாலிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஆவக்காய் ஊறுகாய் வைத்துக்கொள்கிறார்கள், நான் கண்டுகொள்வதில்லை.

செய்து வைத்துக்கொள்ளலாமா?

சுட்டது ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் மேலோடு ரப்பராகிவிடும், ஓவனில் 160 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். சுடாமலே உறையவைப்பது இன்னும் நல்லது. வேண்டும்போது எடுத்து, உருகவிடாமல் அப்படியே ஓவனில் வைத்து, வழக்கத்தைவிட 15 முதல் 20 நிமிடம் கூடுதலாக விடுங்கள்.

அந்த மிச்ச மாவை என்ன செய்வது?

அதைத் திரட்டி ஒரு வட்டமாகத் தேய்த்து, உள்ளே எதுவும் வைக்காமல் மடித்து ஓரத்தைச் சுற்றி, மற்றவற்றோடு ஓவனில் வையுங்கள். பலூன் போல உப்பும். 'விண்டி பாஸ்டி' என்பார்கள், காற்றடைத்த பாஸ்டி. இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும், முதலிலேயே எடுத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போதே வயிற்றைக் கீறி ஜாம் வைக்க வேண்டும். ஆறு பெரிய பாஸ்டிக்கு ஒன்றுதான் வரும், எங்கள் வீட்டில் சண்டை அதற்குத்தான்.